அத்தான் நலம் என்றுதான் எழுதினார்

ஜனவரி 14

என் அருமைத் தவளைக்கு,

அத்தான் எழுதுகிறேன். நீயும் என் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் உன் அக்காவுக்குப் போன் மேல் போன் வந்திருக்கும். நானும் சுகம். அன்று போனில் நீ என்னமோ கத்தினாயாம், எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. முப்பது வருஷம் கிரேன் இரைச்சலில் உட்கார்ந்த காது இது. நமக்குக் கடிதம்தான் சரி.

நடந்ததைச் சொல்கிறேன். நவம்பரில் துறைமுகத்தில் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். ஐம்பது தாண்டியவர்கள் எல்லாம் வரிசையில் நிற்க வேண்டுமாம். கண்ணும் சர்க்கரையும் பார்ப்பார்கள் என்று நானும் நின்றேன். ஒரு பெண் ரத்தம் எடுத்தாள். "எதுக்கும்மா?" என்றேன். "எல்லாத்துக்கும்தான்" என்றாள். அந்த எல்லாத்துக்குள்ளும் புரோஸ்டேட் என்று ஒன்று இருந்திருக்கிறது. மூத்திரப் பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் சுரப்பியாம். ஐம்பத்தொன்பது வருஷமாக என்னோடு இருந்தும் ஒரு நாளும் அது தன்னை அறிமுகம் செய்துகொண்டதில்லை.

ரத்தத்தில் ஏதோ அளவு கூடியிருக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஊசியால் குத்திச் சதை எடுத்தார்கள், எங்கே குத்தினார்கள் என்று கேட்காதே. பிறகு அறுவை டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "கேன்சர். சின்னதுதான். எடுத்துட்டா முடிஞ்சுது" என்றார். "எடுத்தா வேற ஏதாவது…" என்று நான் ஆரம்பித்தேன். "உயிர் முக்கியமில்லையா?" என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது? பேனாவை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஆள் ஏற்கெனவே கதவைத் திறந்துகொண்டு நின்றான்.

ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டார்களே ஓர் அங்கி, அதில் முதுகுப் பக்கம் முடிச்சு மட்டும்தான் இருந்தது, மறைக்க வேண்டியதை அது மறைக்கவில்லை. போகட்டும். இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. மூத்திரம் போகச் செருகியிருந்த டியூபும் எடுத்தாகிவிட்டது. அத்தானுக்கு ஒன்றுமில்லை என்று எல்லோரிடமும் சொல்.

அன்புடன்,
பருந்து


பிப்ரவரி 6

அன்புள்ள அத்தானுக்கு,

தவளை தலை வணங்குகிறேன். நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் கடிதத்தை உங்கள் தங்கச்சிக்குப் படித்துக் காட்டினேன். அங்கியைப் பற்றி எழுதியதைக் கேட்டுச் சிரித்தவள், பாதியில் அழ ஆரம்பித்துவிட்டாள். மூன்று மாதமாக எங்களுக்குச் சோறு இறங்கவில்லை, அத்தான். இப்போதுதான் மூச்சு வந்தது.

மார்ச் கடைசியில் எங்கள் நீச்சல் குளத்தில் வருஷாந்திரப் போட்டி. நான் பழக்கிய பிள்ளைகள் இருபது பேர் இறங்குகிறார்கள். நீங்களும் அக்காவும் வந்து பத்து நாள் தங்க வேண்டும். பஸ்ஸில் ஆறு மணி நேரம்தானே? ஜன்னல் ஓர இருக்கையில் உட்கார்ந்து, முன்னால் போகிற வண்டிகளை எல்லாம் திட்டிக்கொண்டே வந்து சேருங்கள்.

ஒரு விஷயம். உங்களுக்கு வந்ததைக் கேட்டு நானும் அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துகொண்டேன். ஐம்பத்து மூன்று ஆகிறதே என்று உங்கள் தங்கச்சி இழுத்துக்கொண்டு போனாள். முடிவு இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

பயணத்துக்குத் தேதி சொல்லுங்கள். அக்காவுக்கு என் அன்பு.

உங்கள் மச்சான்


மார்ச் 11

என் அருமைத் தவளைக்கு,

சுகம், சுகம். உன் பதிலுக்கு உடனே எழுதாததற்கு வேலைதான் காரணம், வேறொன்றுமில்லை.

போட்டிக்கு வர முடியாது போலிருக்கிறது. கோபிக்காதே. என்னைக் கிரேனிலிருந்து இறக்கிக் கருவி அறையில் போட்டிருக்கிறார்கள். ஸ்பேனர், சங்கிலி, கையுறை எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைக்கும் இடம். அங்கே அனுபவப்பட்ட ஆள் வேண்டும் என்று மேற்பார்வையாளர் கெஞ்சினார். பருந்தைக் கூண்டில் அடைத்துவிட்டீர்களே என்று பையன்கள் கேலி செய்கிறார்கள். எனக்கும் ஏணி ஏறி ஏறி அலுத்துவிட்டது. இங்கே மின்விசிறி இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, கழிப்பறை பக்கத்திலேயே இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

உன் அக்கா எனக்குக் கறுப்புக் கால்சட்டை நாலு தைத்துக் கொடுத்தாள். தையல் கடையில் ஊருக்கெல்லாம் வெட்டிக் கொடுக்கிறவளுக்கு இப்போதுதான் புருஷன் ஞாபகம் வந்திருக்கிறது. நான் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன், உள்ளறையில் புழுக்கம். மற்றபடி எல்லாம் பழையபடிதான்.

உன் ரத்தம் என்ன சொன்னது? ஒன்றும் இருக்காது. நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறுகிறவனுக்கு என்ன வரும், சளி வரும்.

பருந்து


ஏப்ரல் 20

அன்புள்ள அத்தானுக்கு,

நலமாக இருப்பீர்கள். நானும் நலம் என்று எழுதக் கை போகிறது, ஆனால் எனக்கும் அதுதான் வந்திருக்கிறது. சதை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். உங்களுக்கு வந்ததேதான்.

இங்கே பார்ப்பது ஒரு பெண் டாக்டர். சின்ன வயது, நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார். என்னுடையது மெதுவாக வளரும் வகையாம். இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, இப்போதே எடுத்துவிடுவது. இன்னொன்று, எடுக்காமல் அடிக்கடி ரத்தமும் மற்றதும் பார்த்துக்கொண்டே வருவது, மோசமாகிறது என்று தெரிந்தால் அப்போது வைத்தியம். "உங்களுக்கு ரெண்டாவதும் பாதுகாப்பான வழிதான். யோசிச்சு நீங்கதான் சொல்லணும்" என்கிறார். எனக்கு யோசிக்கவே முடியவில்லை. உள்ளே ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்து எப்படித் தூங்குவது? எடுத்தால் சிலருக்கு மூத்திரம் அடங்காதாம், ஆண்பிள்ளைத்தனம் போய்விடுமாம். எல்லோருக்கும் இல்லையாம், யாருக்கு என்று முன்கூட்டியே சொல்ல முடியாதாம்.

"ஆபரேஷன் ஆன ஒருத்தர்கிட்ட மனசு விட்டுப் பேசுங்க" என்றார் கடைசியில். எனக்கு உங்களை விட்டால் யார்? "அண்ணன்கிட்ட கேளுங்க, அவர் உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டார்" என்று உங்கள் தங்கச்சியும் சொல்கிறாள்.

அதனால் கூச்சத்தை விட்டுக் கேட்கிறேன், என்னைத் திட்டுங்கள், ஆனால் பதில் சொல்லுங்கள். உங்களுக்கு மூத்திரம் அடங்குகிறதா? நீங்களும் அக்காவும் முன்போல இருக்கிறீர்களா? என் வேலை உங்களுக்குத் தெரியும். காலையிலிருந்து சாயங்காலம்வரை இடுப்பளவு தண்ணீரில், பச்சைப் பிள்ளைகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிற்கிறவன். ஒரு தடவை அந்தத் தண்ணீரில் எனக்கு ஏதாவது ஆனால் அதோடு வேலையை விட்டு நான் கரையேறிவிட வேண்டியதுதான்.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உங்கள் மச்சான்


மே 27

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒரு மாதம் தாமதம் ஆகிவிட்டது, கருவி அறையில் கணக்கெடுப்பு.

முதலில் ஒன்று சொல்கிறேன். அது என்ன கேள்வி? அக்காவின் புருஷனிடம் கேட்கிற கேள்வியா? அந்த டாக்டர் கேட்கச் சொன்னால் நீயும் கேட்டுவிடுவதா? ஒரு பெண் பிள்ளை உட்கார்ந்து ஓர் ஆம்பிளையிடம் இதையெல்லாம் பேசுகிறாள், நீயும் தலையாட்டிக்கொண்டு வந்திருக்கிறாய்! எனக்குப் பார்த்த டாக்டர் இந்தக் கதையெல்லாம் பேசவில்லை. வெட்டினார், தைத்தார், அனுப்பினார். அவர்தான் டாக்டர்.

அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பதாம். வீட்டுக்குள் பாம்பு புகுந்துவிட்டது என்றால் அது வளருகிறதா என்று ஸ்கேலை வைத்து அளந்துகொண்டு இருப்பாயா? வெட்டி எறி. பிள்ளைகள் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. உன்னை நம்பி என் தங்கச்சி இருக்கிறாள்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் பழையபடிதான் இருக்கிறேன். இதற்கு மேல் இந்தப் பேச்சு வேண்டாம். தேதி வாங்கிக்கொண்டு எழுது.

அத்தான்


ஜூன் 8

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் திட்டி எழுதிய கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்குத் தெம்பு வந்தது. இப்படிச் சத்தம் போடுகிற மனிதருக்கு ஒரு குறையும் இருக்க முடியாது என்று உங்கள் தங்கச்சி சொன்னாள்.

ஜூலை 3-ஆம் தேதிக்கு ஆபரேஷன் குறித்தாகிவிட்டது. "நிச்சயமாத்தான் சொல்றீங்களா? யார்கிட்டயாவது பேசினீங்களா?" என்று டாக்டர் இரண்டு முறை கேட்டார். என் அத்தானிடம் பேசினேன், அவர் சொன்னால் எனக்கு மறுபேச்சு இல்லை என்றேன். முதல் நாள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். குளத்து மேலாளரிடம் இரண்டு மாதம் லீவு சொல்லிவிட்டேன். என் சிறுசுகளை யாரிடம் ஒப்படைப்பது என்பதுதான் இப்போது கவலை.

உங்கள் ஒரு வார்த்தை போதும் எனக்கு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தவளை


ஜூன் 19

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் விசாரிக்க இப்போது எனக்குப் பொறுமை இல்லை.

நேற்று உன் மனைவி போன் செய்தாள். தேதி குறித்தாகிவிட்டது என்றாள். "எல்லாம் அண்ணன் குடுத்த தைரியம், அண்ணி" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கடிதம் வரும்வரை தம்பி எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மட்டும் அவளிடம் சொன்னேன். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். உன் அத்தானிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறார்.

அவர் நன்றாக இல்லை. டியூபை எடுத்த நாளிலிருந்து அவருக்கு மூத்திரம் நிற்பதில்லை. இருமினால் போகிறது, எழுந்தால் போகிறது, சிரித்தால் போகிறது. எதற்கெடுத்தாலும் கேலி பேசிக்கொண்டிருந்த மனிதர், சிரிப்பதற்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று ஊரின் அடுத்த கோடிக்குப் போய், பெரியவர்கள் கட்டும் டயப்பர் வாங்கி வருகிறார். அதைக் கட்டிக்கொண்டு கிரேனும் ஏறினார். ஒரு நாள் சரக்குப் பெட்டியைப் பாதியில் தொங்கவிட்டு இறங்க முடியவில்லை, எல்லாம் நனைந்துவிட்டது. கீழே நின்ற பையன்கள் பார்த்திருக்கிறார்கள். சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் அவரே போய்த்தான் கருவி அறையைக் கேட்டு வாங்கினார். யாரும் கெஞ்சவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். உன் அக்கா என்று பார்க்காதே, ஒரு பெண் சொல்கிறாள் என்று கேள். இந்த வயதில் அதெல்லாம் எதற்கு என்று டாக்டரிலிருந்து எல்லோரும் நினைக்கிறார்கள். எங்களுக்கு அது இருந்தது. இப்போது இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், தம்பி. ஆனால் அவர் என் கையைத் தொடுவதையும் நிறுத்திவிட்டார். கூடத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறார். தொட்டால் நான் எதையாவது எதிர்பார்ப்பேன் என்று பயப்படுகிறார். முப்பத்தோரு வருஷம் கூட இருந்தவளை இவ்வளவுதான் புரிந்துகொண்டாரா?

இப்படி ஆகலாம் என்று ஒருவராவது சொன்னாரா? அவரிடமும் சொல்லவில்லை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னிடமும் சொல்லவில்லை. உயிர், உயிர் என்றார்கள். அந்த உயிரை வைத்துக்கொண்டு இவர் எப்படி நாளைக் கழிப்பார் என்று யாரும் யோசிக்கவில்லை. அவருக்கு வெட்கம். எனக்கு வெட்கமே இல்லை, கோபம்தான். அந்தக் கறுப்புக் கால்சட்டையை எதற்கென்று தெரிந்தேதான் தைத்தேன், வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோபம் என் மேலும் இருக்கிறது.

நீ ஆபரேஷன் செய்துகொள்ளக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்கு என்ன தெரியும்? உனக்கு இப்படி ஆகாமலும் போகலாம். ஆனால் உன் அத்தான் நன்றாக இருக்கிறார் என்று நம்பிப் போய்ப் படுக்காதே.

அக்கா


ஜூன் 27

அத்தானுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நலம் என்றுதான் எழுதுவீர்கள்.

அக்காவின் கடிதம் கிடைத்தது. குளத்துக்குப் போகாமல் அன்று முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு இப்படி ஆனதற்கு அழுதேன். அது வேறு. ஆனால் நான் கேட்டேனே, அத்தான்! வெட்கத்தை விட்டு, என் பிழைப்பே அதில்தான் இருக்கிறது என்று சொல்லி, வரி வரியாகக் கேட்டேனே! பதில் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் பேசாமல் இருந்திருக்கலாம். வெட்டி எறி என்று எழுதினீர்கள். நான் தண்ணீரில் நிற்கிறவன் என்று தெரிந்தே எழுதினீர்கள். உங்கள் கௌரவத்தைக் காப்பாற்ற என்னை ஆபரேஷன் மேஜையில் ஏற்றப் பார்த்தீர்கள். எனக்கு வேறு மாதிரி யோசிக்கத் தெரியவில்லை.

ஆபரேஷனை நிறுத்தச் சொல்லிவிட்டேன். டாக்டரிடம் உங்கள் தங்கச்சியோடு போய், கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். இப்போதைக்குக் காத்திருந்து பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். பின்னால் வெட்டத்தான் வேண்டும் என்றால் வெட்டிக்கொள்வேன், தெரிந்து போவேன்.

உங்களைப் பற்றிச் சொன்னதும் அந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அவருக்குப் பயிற்சி எதுவும் சொல்லித் தரலையா?" என்றார். மூத்திரத்தை அடக்கும் தசைகளுக்குப் பயிற்சி இருக்கிறதாம். அதிலும் சரியாகவில்லை என்றால் வேறு வைத்தியமும் இருக்கிறதாம். மற்றதற்கும் மாத்திரையிலிருந்து பல வழிகள் இருக்கின்றனவாம். பலருக்கு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுமாம். நீங்கள் அங்கே வாயைத் திறக்காமல் கருவி அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எழுதுவதானால் உண்மையை எழுதுங்கள். இல்லாவிட்டால் எழுத வேண்டாம்.

மச்சான்


ஆகஸ்ட் 30

என் அருமைத் தவளைக்கு,

நான் நலமாக இல்லை. இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது.

நீ திட்டியது சரி. அதைப் பற்றி நீட்டி எழுத எனக்கு வராது. உன் கேள்வியைப் படித்தபோது உன் ஞாபகம் எனக்கு வரவில்லை. என் மானம்தான் வந்தது.

உன் அக்கா என்னை அந்த அறுவை டாக்டரிடம் தரதரவென்று இழுத்துப் போனாள். இந்த முறை பெஞ்சில் உட்காரவில்லை, உள்ளே வந்துவிட்டாள். டாக்டர் வழக்கம்போல, "எப்படி இருக்கீங்க?" என்றார். நானும் வழக்கம்போல, "நல்லா இருக்கேன் சார்" என்றேன். அப்படியே வாயில் வந்துவிட்டது, மச்சான்! மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள் உன் அக்கா. "நல்லா இல்ல டாக்டர். இவரைக் கேக்காதீங்க, என்னைக் கேளுங்க" என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

டாக்டர் கணினியைப் பார்த்தார். "நீங்க ஒரு தடவைகூடச் சொல்லலையே" என்றார். அதுவும் உண்மைதான். ஒவ்வொரு முறையும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் என்ன, டயப்பர் கட்டியிருக்கிறாயா என்று கேட்டாரா? நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேன், "எனக்கும் மெதுவா வளர்ற வகையா சார்?" என்று. ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தார். "ஆமா. காத்திருந்தும் பாத்திருக்கலாம். ஆனா கேன்சர்னு சொன்னா எல்லாரும் எடுத்துடுங்கன்னுதான் சொல்றாங்க" என்றார்.

எல்லாரும் சொல்கிறார்களாம்! நான் சொன்னேனா? என்னை யார் கேட்டது? கேட்டிருந்தாலும் நான் எடுத்துவிடுங்கள் என்றே சொல்லியிருப்பேனோ என்னவோ, பயந்தாங்கொள்ளிதானே நான். ஆனால் அதை நான் சொல்லியிருப்பேன். என் உடம்பு, என் பெண்டாட்டி, என் கிரேன். இதைக் கத்திச் சொன்னேன். வெளியே காத்திருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

"உயிர் முக்கியமில்லையா?" என்று அவர் மறுபடி அதையே ஆரம்பித்தார். "உயிரோடதான் இருக்காரு டாக்டர். இனிமே வாழணும். அதுக்கு வழி சொல்லுங்க" என்றாள் உன் அக்கா. அதற்குப் பிறகுதான் எங்களைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே பயிற்சி சொல்லிக் கொடுக்கும் ஒரு பெண் இருந்தாள். எட்டு மாதமாக அதே கட்டடத்தில், அதே மாடியில், இரண்டு கதவு தள்ளி இருந்திருக்கிறாள்.

திரும்பி வரும்போது சாலையைக் கடக்க உன் அக்கா என் கையைப் பிடித்தாள். நான் விடுவித்துக்கொள்ளவில்லை.

உன் அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது?

அத்தான்


அக்டோபர் 12

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து என் கோபம் முக்கால்வாசி இறங்கிவிட்டது. மீதியை நேரில் வந்தால் தருகிறேன்.

முதல் பரிசோதனை முடிந்தது. அளவு அப்படியே நிற்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் காத்திருப்பதும் சும்மா இருப்பதல்ல என்று புரிகிறது. முடிவு வரும்வரை ஒரு வாரம் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். குளத்தில் ஒரு குட்டிப் பெண், "சார், உங்களுக்குத் தண்ணின்னா பயமா?" என்று கேட்டுவிட்டாள். இப்படி வருஷக்கணக்கில் இருக்க முடியுமா என்று சில நாள் தோன்றுகிறது. அப்படித் தோன்றும்போது உங்கள் தங்கச்சியிடம் சொல்லிவிடுகிறேன். நானும் நலம் என்று எழுதிப் பழகிவிடக் கூடாது என்று பயம்.

பயிற்சி எப்படிப் போகிறது? அக்காவுக்கு என் வணக்கம், மேஜையைத் தட்டிய கைக்குத் தனியாக ஒரு வணக்கம்.

தவளை


நவம்பர் 23

என் அருமைத் தவளைக்கு,

கசிவு பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது. வெளியே போகும்போது இன்னும் ஒன்று கட்டிக்கொள்கிறேன். மற்றதற்கு மாத்திரை கொடுத்தார்கள், பெரிதாகப் பலன் இல்லை. வேறு வழி பார்க்கலாம் என்கிறார்கள். உள்ளறையில்தான் படுக்கிறேன். உன் அக்கா சௌக்கியம். இதெல்லாம் உண்மை, இனி உனக்கு இப்படித்தான் எழுதுவேன்.

இந்த வருஷமும் துறைமுகத்தில் முகாம் போட்டார்கள். தொழிலாளர் நல அதிகாரி முதல் நாளே என்னிடம் வந்து, "நீங்கதான் நம்ம முகாமோட வெற்றி. மேடைக்கு வந்து ரெண்டு வார்த்தை தைரியமாப் பேசுங்க" என்றார். நோயை வென்ற நம் தோழர் என்று என் போட்டோவைப் பெரிதாக அடித்து மாட்டியிருந்தார்கள். அதில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பழைய போட்டோ.

முடியாது என்று சொல்லத்தான் போனேன். மேடையில் ஏறி, கீழே வரிசையாக நிற்கிறவர்களைப் பார்த்ததும் ஆத்திரம் பொங்கிவிட்டது. போன வருஷம் நான் நின்ற அதே வரிசை. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, எதற்கு ரத்தம் எடுக்கிறார்கள் என்று தெரியாமல் நிற்கிறார்கள். மைக்கை வாங்கினேன்.

"டெஸ்ட் எடுத்துக்குங்க. வேணாம்னு நான் சொல்லல. ஆனா எதுக்கு எடுக்குறாங்கன்னு கேட்டுட்டு எடுங்க. கேன்சர்னு சொன்னா எந்த வகைன்னு கேளுங்க. காத்திருக்கலாமான்னு கேளுங்க. வெட்டினா மூத்திரம் அடங்குமான்னு கேளுங்க, பொண்டாட்டிகூடப் படுக்க முடியுமான்னு கேளுங்க. அவளையும் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கேளுங்க. எனக்கு ரெண்டும் போச்சு. யாரும் சொல்லல. நானும் யார்கிட்டயும் சொல்லல" என்றேன்.

பின்னால் யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். "சிரிப்பா இருக்கா? வா, வந்து பாரு, இப்பவும் கட்டிக்கிட்டுத்தான் நிக்கிறேன்" என்றேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நல அதிகாரி மைக்கை அணைத்துவிட்டார். முப்பது வருஷம் கிரேன் மேலிருந்து கீழே கத்தினவனுக்கு மைக் எதற்கு? இன்னும் பத்து நிமிஷம் பேசினேன். என் போட்டோவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு, அசிங்கமாகப் பேசிவிட்டாய் என்றார். எது அசிங்கம் என்று கேட்டேன்.

வரிசையிலிருந்து யாரும் போய்விடவில்லை. ஆனால் ரத்தம் எடுக்கிற பெண்ணிடம் ஒவ்வொருவனும் ஒரு கேள்வி கேட்டான். அவள் பாவம், எழுந்து போய்ப் பெரிய டாக்டரையே கூட்டி வந்தாள்.

மறுநாள் காலை கருவி அறை ஜன்னலைத் திறந்தேன். முதல் ஆளாக நெட்டையன் நின்றான். எனக்கு அடுத்த கிரேனில் பல வருஷம் இருந்தவன், இப்போதும் அதில்தான் இருக்கிறான். வாட்டசாட்டமான ஆள், என்னைவிடச் சத்தமாகப் பேசுவான். "ஒரு ஸ்பேனர் குடுங்கண்ணே" என்றான். "எத்தனாம் நம்பர்?" என்றேன். "ஏதாவது ஒண்ணு குடுங்க" என்றான். கிரேன் ஓட்டுகிறவனுக்கு ஸ்பேனர் எதற்கு, மச்சான்? பழுது பார்ப்பது வேறு ஆட்களின் வேலை. கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றான்.

"எனக்கும் வெட்டி நாலு வருஷமாச்சுண்ணே" என்றான்.

பக்கத்துக் கதவைத் திறந்து அவனை உள்ளே கூப்பிட்டு, என் நாற்காலியில் உட்கார வைத்தேன். ஜன்னலைச் சாத்தலாம் என்று திரும்பினால், வெளியே இன்னும் மூன்று பேர் ஸ்பேனர் கேட்டு நின்றிருந்தார்கள். மூன்று பேரும் கிரேன் ஓட்டுகிறவர்கள்.

உன் அத்தான்